எடைக்குப் போடும் முன் அடியைப் பாருங்கள்

தி.நகர் உஸ்மான் சாலையில் பழைய வெள்ளி வாங்கும் கடைகளில் எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்குதான். தராசில் வைப்பார்கள், வெள்ளி எவ்வளவு தூயது என்று டச் பார்ப்பார்கள், கழிவு போக மீதியைச் சொல்வார்கள். நசுங்கிய கொலுசு, அடி ஓட்டையான குங்குமச் சிமிழ், கொள்ளுத்தாத்தா காலத்து டீபாட் மூன்றும் ஒரே தட்டில் விழும். இதில் கடைக்காரர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் வாங்குவது உலோகம், அதற்குரிய விலையைத்தான் கொடுக்கிறார். ஆனால் 1780-களில் லண்டனில் ஒரு பெண்மணியின் பட்டறையில் உருவான பாத்திரமோ, 1880-களில் மவுண்ட் ரோட்டில் நம் ஆசாரிகள் அடித்த பாத்திரமோ அந்தத் தட்டுக்குப் போய்விட்டால் உருகிக் கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்தத் தட்டுக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனையைத்தான் இந்த அத்தியாயம் சொல்லித்தருகிறது. ஒரு பூதக்கண்ணாடி, கிராம் காட்டும் சமையலறைத் தராசு, சிறிய டார்ச், ஜன்னலோரப் பகல் வெளிச்சம் இருந்தால் போதும்.

நம் பகுதி வீடுகளில் இந்தப் பாத்திரங்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. மயிலாப்பூர் லஸ் பக்கத்து வக்கீல் வீடுகள், அடையாறு தோட்ட பங்களாக்கள், தி.நகரில் குடியேறிய அரசு உத்தியோகஸ்தர்களின் வீடுகள் ஆகியவற்றில் வெள்ளி டீ செட் ஓர் அந்தஸ்துப் பொருளாக இருந்தது. வீட்டில் எல்லோரும் டவரா தம்ளரில் காபி குடிப்பார்கள். டீ செட் கண்ணாடி அலமாரியில் நிற்கும், துரை வந்தால் வெளியே வரும். ஓய்வுபெறும்போது அலுவலகத்தார் சேர்ந்து கொடுத்தவை உண்டு. ஊருக்குத் திரும்பிய ஆங்கிலேயர்கள் விற்றுவிட்டுப் போனவையும் உண்டு. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ஏலம் என்றாலே நினைவுக்கு வரும் மர்ரே நிறுவனத்தின் வழியாகப் பல வீடுகளுக்கு இத்தகைய சாமான்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. இன்றைக்கும் வீட்டைக் காலி செய்கிறவர்கள் மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் போன்ற வட்டாரப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்கிறார்கள். அந்த வரி விளம்பரங்களை வாராவாரம் பார்த்து வாருங்கள்.

முத்திரைகளைப் படிப்பது

டீபாட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூடி ஆடாமல் ஒரு துணியை இடையில் கொடுங்கள். பழைய கீல் சட்டென்று விட்டுவிடும். ஆங்கிலேய வெள்ளியாக இருந்தால் அடியிலோ, கைப்பிடிக்கு அருகே உடம்பிலோ, நான்கைந்து சிறிய முத்திரைகள் ஒரே வரிசையில் குத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தகவலைச் சொல்கிறது.

முதலில் சிங்கத்தைத் தேடுங்கள். முன்கால் ஒன்றைத் தூக்கி நடக்கிற சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, அதாவது ஸ்டெர்லிங். 1544 முதல் இங்கிலாந்தில் இந்தச் சின்னம் வழக்கில் இருக்கிறது. 1697 முதல் 1720 வரை மட்டும் இன்னும் உயர்ந்த தரம் கட்டாயமாக இருந்தது. ஆயிரத்துக்கு 958 பங்குக்கும் மேல். அந்தக் காலத்துப் பாத்திரத்தில் சிங்கத்துக்குப் பதில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண்ணுருவம் தெரியும். சென்னை வீட்டில் அது கிடைத்தால் கையை எடுத்துவிட்டு உடனே ஒரு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது ஊர். சிறுத்தைத் தலை லண்டன். நங்கூரம் பர்மிங்ஹாம். கிரீடம் ஷெஃபீல்டு. பர்மிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் சோதனைச் சாலை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது 1773-ல். நம் ஊரில் கிடைக்கும் விக்டோரியா காலத்துக்குப் பிந்தைய சாமான்களில் பெரும்பகுதி இந்த இரண்டு தொழிற்சாலை நகரங்களிலிருந்து வந்தவை என்பதால் நங்கூரத்தையும் கிரீடத்தையும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒற்றை ஆங்கில எழுத்து. அது ஆண்டைக் குறிக்கும். லண்டனில் இருபது எழுத்துகள் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கட்டத்தையும் மாற்றி மறுபடி தொடங்குவார்கள். அதனால் எழுத்தை மட்டும் பார்த்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது. அட்டவணையுடன் ஒப்பிட வேண்டும், கட்டத்தின் அடிவளைவு வரைக்கும் பொருந்த வேண்டும். அட்டவணை கையில் இல்லாதபோது உதவும் ஒரு குறுக்குவழி உண்டு. அரசர் அல்லது அரசியின் தலை பக்கவாட்டில் குத்தியிருந்தால் பாத்திரம் 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது. வெள்ளிக்கு வரி கட்டியாயிற்று என்பதற்கான அடையாளம் அது. இடது பக்கம் பார்க்கும் பெண் தலை என்றால் விக்டோரியா. லண்டன் சிறுத்தையின் தலையில் 1821 வரை கிரீடம் இருந்தது, பிறகு இல்லை. ஆக, கிரீடமில்லாத சிறுத்தையும் அரசர் தலையும் சேர்ந்து வந்தால் 1821-க்கும் 1890-க்கும் நடுவே என்று அட்டவணை இல்லாமலே சொல்லிவிடலாம்.

கடைசியாகச் செய்தவரின் முதலெழுத்துகள். எல்லோருக்கும் ஆர்வம் இதில்தான், ஆகவே ஏமாற்றுக்காரர்களின் கைவரிசையும் இதில்தான் அதிகம்.

மூடியைத் திறந்து அதன் உட்புறத்தையும் பாருங்கள். மூடிக்கும் சில முத்திரைகள் உண்டு, குறைந்தது சிங்கமும் செய்தவரின் எழுத்தும். உடம்பில் ஒருவர் பெயரும் மூடியில் இன்னொருவர் பெயரும் இருந்தால் இரண்டு பாத்திரங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். உபயோகிக்க அதில் தடையில்லை, ஆனால் சேகரிப்பாளர் அதற்குப் பாதி விலைகூடக் கொடுக்கத் தயங்குவார்.

யார் செய்தது

லண்டனின் பெரிய பெயர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பால் டி லாமெரி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் ஸ்டார். இவர்களின் பாத்திரங்கள் அருங்காட்சியகத்துக்குரியவை, லஸ் முனையில் ஓர் அலமாரியில் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். இவர்களுக்கு இடையே வருகிற ஹெஸ்டர் பேட்மன் வேறு விதம். அவர் பட்டறையிலிருந்து வந்த பொருள்கள் எண்ணிக்கையில் அதிகம், நடுத்தர வசதியுள்ளவர்களின் மேசைக்காகவே செய்யப்பட்டவை. அதனால் கடல் கடந்து வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஹெஸ்டர் 1760-ல் கணவரை இழந்தார். அடுத்த ஆண்டே, ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், தன் பெயரில் முத்திரையைப் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகன்களையும் மருமகளையும் வைத்துக்கொண்டு லண்டன் பன்ஹில் ரோவில் சுமார் முப்பது ஆண்டுகள் பட்டறையை நடத்தினார். அவருடைய முத்திரை சாய்வாக, கையெழுத்து போல வளைந்த எச்.பி. 1790-ல் அவர் ஒதுங்கிய பிறகு பீட்டர், ஜோனதன், ஆன், வில்லியம் என்று குடும்பத்தார் மாறி மாறிப் பொறுப்பேற்றார்கள், முத்திரையும் அதற்கேற்ப மாறிக்கொண்டே வந்தது. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் பேட்மன் குடும்பத்தைத் தனி அன்போடு தேடுகிறார்கள். எனக்கும் அந்த அன்பு உண்டு. அளவான அலங்காரம், விளிம்பில் சன்னமான மணிவரிசை, ஒளி பட்டால் மின்னும்படி சாய்வாகச் சீவிய செதுக்கல் வேலை, இவ்வளவில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்த கைகள் அவை.

நம் பகுதி வீடுகளில் நீங்கள் உண்மையில் பார்க்கப்போவது பெரும்பாலும் இன்னும் நூறாண்டு கழித்து வந்தவர்களை: பர்னார்டு, எல்கிங்டன், மேப்பின் அண்ட் வெப், வாக்கர் அண்ட் ஹால், ஜேம்ஸ் டிக்ஸன். வாக்கர் அண்ட் ஹால் என்றால் ஒரு சிறிய கொடி, டிக்ஸன் என்றால் ஓர் ஊதுகொம்பு. இந்த நிறுவனங்கள் அசல் வெள்ளியும் செய்தன, முலாம் பூசியவையும் செய்தன. ஆகவே பெயரைப் பார்த்தவுடன் மகிழ்ந்துவிடாமல் சிங்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உருவமே காலத்தைச் சொல்லும். 1670-ல் பெர்க்லி பிரபு கிழக்கிந்தியக் கம்பெனியின் குழுவுக்குப் பரிசளித்த டீபாட் இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரமாக, மேலே குறுகி, நேரான மூக்கோடு இருக்கும் அதைப் பார்த்தால் யாரும் காபிபாட் என்றே சொல்வார்கள். அதன் மேல் பொறித்த வாசகம்தான் அது டீபாட் என்று தெரிவிக்கிறது. சென்னையை ஆண்ட அதே கம்பெனி என்பதால் நமக்கு அதில் ஓர் உறவு உண்டு. அடுத்து 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டீபாட்கள் உருண்டையாக, உள்ளங்கையில் அடங்கும்படி இருந்தன, ஏனென்றால் தேயிலை அவ்வளவு விலை. 1784-ல் பிரிட்டன் தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. தேயிலை மலிந்தது, பாத்திரமும் பெரிதாயிற்று. அதே காலத்தில் உருளையில் இழைத்த வெள்ளித் தகடு கிடைத்ததால் தகட்டை வளைத்து ஒட்டி, நேர்ச்சுவரும் தட்டையான அடியும் கொண்ட முட்டை வடிவ டீபாட்களைச் செய்தார்கள். கைப்பிடிக்குப் பின்னால் ஒட்டின் கோடு மேலிருந்து கீழாக ஓடுவதை விரலால் தடவினால் உணரலாம். அந்தத் தட்டை அடி சூட்டால் மேசையைக் கருக்கிவிடும் என்பதால் கூடவே நான்கு காலுள்ள ஒரு சிறு தட்டும் செய்தார்கள். தட்டு தனியே பிரிந்து போயிருந்தால் வீட்டில் தேடிப் பாருங்கள். பல வீடுகளில் அது பூஜையறையில் வெற்றிலைத் தட்டாக இருக்கிறது.

காபிபாட்டா டீபாட்டா என்ற சந்தேகம் வந்தால் மூக்கு தொடங்கும் இடத்தில் உள்ளே டார்ச் அடியுங்கள். டீபாட்டில் இலையைத் தடுக்கச் சல்லடைத் துளைகள் இருக்கும். காபிபாட்டில் பெரும்பாலும் ஒரே திறப்புதான்.

மவுண்ட் ரோட்டில் செய்த சாமி வெள்ளி

இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். அதற்குத் தகுந்த மதிப்பு நம் ஊரிலேயே இன்னும் கிடைக்கவில்லை.

பீட்டர் ஆர் என்ற கடிகாரக்காரர் சென்னைக்கு வந்து, ஜார்ஜ் கார்டன் நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, 1849-ல் தன் பெயரில் தொழிலைத் தொடங்கினார். பி.ஆர் அண்ட் சன்ஸ் என்ற அந்தப் பெயர் இன்றும் மவுண்ட் ரோட்டில், அதாவது அண்ணா சாலையில், கடிகாரக் கடையாக நிற்கிறது. அங்கே ஆங்கிலேயர் வடிவம் கொடுத்தார்கள், தமிழ்நாட்டு ஆசாரிகள் அடித்தார்கள். டீபாட், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம் என்று உருவங்கள் ஆங்கிலேய மேசைக்குரியவை. அவற்றின் வயிற்றைச் சுற்றி நம் கோயில் சுவரில் இருப்பது போல வரிசையாகத் தெய்வங்கள். வியாபாரத்தில் இதற்குப் பெயர் சாமி வெள்ளி. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, சென்னைக்கு வந்தார். அந்த இந்தியப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த பரிசுகளில் பி.ஆர் செய்த சாமி டீ செட்டும் இருந்தது. அதற்குப் பிறகு இந்த வேலைக்கு நல்ல கிராக்கி.

ஒரு நல்ல சாமி டீபாட்டைக் கையில் எடுத்தால் முதலில் எடை தெரியும். ஆங்கிலேயத் தகட்டைவிடக் கனமான தகடு, ஏனென்றால் உட்புறத்திலிருந்து தட்டிப் புடைக்க வைத்து, உள்ளே அரக்கு நிரப்பி, வெளியிலிருந்து சிற்றுளியால் முகமும் நகையும் எடுக்க வேண்டும். உள்ளே விரலை விட்டால் வெளியே மேடாக இருக்கும் ஒவ்வொரு தெய்வமும் உள்ளே பள்ளமாகத் தட்டுப்படும். இந்தப் பள்ளம் இல்லாமல் உள்ளே வழவழப்பாக இருந்தால், உருவங்களைத் தனியே செய்து ஒட்டியிருக்கிறார்கள் அல்லது உள்ளே இன்னொரு தகட்டைக் கொடுத்திருக்கிறார்கள். டீ ஊற்றிப் பயன்படுத்துவதற்காக இரட்டைத் தகடு கொடுத்ததும் உண்டு, எனவே இதை மட்டும் வைத்து ஒதுக்கிவிட வேண்டாம்.

பிறகு தெய்வங்களைப் படியுங்கள். இதில் மயிலாப்பூர்வாசிக்கு ஈடு யாரும் கிடையாது. லண்டன் ஏலப் பட்டியலில் 'இந்துக் கடவுளர்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கபாலீசுவரர் பங்குனித் திருவிழாவில் வாகனங்களைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர் இடபத்தின் மேல் யார், மயில் மேல் யார், மூஞ்சூறு யாருடையது, கருடன் மேல் இருப்பவர் கையில் சங்கு இருக்கிறதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். கையில் இருக்கும் ஆயுதம் சரியா, எந்தக் கை தூக்கியிருக்கிறது, அம்பாள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சாத்திரம் தெரிந்த ஆசாரி அடித்திருந்தால் இவை பிசகாது. இடபத்தின் கழுத்து மணியும் மயிலின் கால் நகமும் தனித்தனியே தெரிந்தால் முதல் தரம். ஒரே உருவம் நாலைந்து முறை ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வந்தால் பிற்காலத்து மலிவு வேலை. மூக்கிலும் கைப்பிடியிலும் நாகம் வரும். மூடியின் குமிழில் சிறு உருவம் ஒன்று உட்கார்ந்திருக்கும். குமிழ்தான் முதலில் உடையும் இடம், அது பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்று பற்றவைப்பைப் பாருங்கள்.

முத்திரை அடியில் இருக்கும்: நிறுவனத்தின் பெயர் முழுதாகவோ சுருக்கமாகவோ. இங்கிலாந்தைப் போல இங்கே அரசுச் சோதனைச் சாலை இல்லாததால் சிங்கத்தைத் தேட வேண்டாம். அதனாலேயே தி.நகர் கடையில் இதை 'முத்திரை இல்லாத வெள்ளி' என்று தள்ளுபடி விலையில் கேட்பார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். அந்தக் காலத்தில் வெள்ளி ரூபாயை உருக்கிப் பாத்திரம் செய்வது வழக்கம். ஒரு ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. ஆகவே டச் 91, 92 என்று வந்தால் அது பழைய ரூபாய் வெள்ளியாக இருக்கக்கூடும். 1940-ல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெய்வங்கள் இல்லாமல் உடம்பு முழுக்கக் கொடியும் இலையும் நெருக்கமாக ஓடினால் கட்ச் வேலை. அடியில் ஓ.எம். என்றும் புஜ் என்றும் இருந்தால் உமர்சி மாவ்ஜியின் பட்டறை, அதற்கு இன்று உலகச் சந்தையில் பெரிய மதிப்பு. மரங்களும் வேட்டைக் காட்சிகளும் லக்னோ. யானை முத்திரை இருந்தால் கல்கத்தா ஹாமில்டன் நிறுவனமாக இருக்கலாம். மிக ஆழமாகப் புடைத்த, கதைக் காட்சிகள் நிறைந்த கிண்ணங்களை நம்மவர் சிலர் சாமி வெள்ளி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஆட்களின் உடையும் கிரீடமும் பர்மாவுக்குரியவை. ரங்கூனிலிருந்து 1942-ல் உயிர் பிழைத்து வந்த குடும்பங்கள் கையோடு கொண்டுவந்தவை பல. அவற்றுக்குத் தனி மதிப்பும் தனிக் கதையும் உண்டு.

முலாமும் ஒட்டு வேலையும்

வெள்ளி முலாம் பூசியவற்றில் ஆங்கில எழுத்துகள் ஈ.பி.என்.எஸ். என்று தனித்தனிக் கட்டத்தில், முத்திரை போலவே அழகாகக் குத்தப்பட்டிருக்கும். அவசரத்தில் பார்க்கிறவர் ஏமாந்துபோவார். 'ஷெஃபீல்டு' என்று ஊர்ப் பெயரை முழுதாக எழுதியிருந்தாலும் பெரும்பாலும் முலாம்தான். அடி விளிம்பு, மூக்கின் நுனி, கைப்பிடி ஒட்டும் இடம் ஆகியவை முதலில் தேயும். அங்கே செம்பு நிறமோ மஞ்சள் கலந்த சாம்பல் நிறமோ எட்டிப் பார்க்கும். 1740-களில் தாமஸ் போல்சோவர் கண்டுபிடித்த பழைய ஷெஃபீல்டு தகடு மட்டும் விதிவிலக்கு. செம்பின் மேல் வெள்ளியை வைத்துச் சூட்டில் ஒன்றாக இழைத்தது அது. 1840-ல் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றதும் அந்த முறை மறைந்தது. ஆகவே பழைய ஷெஃபீல்டு தகட்டில் செம்பு தெரிவது ஒரு குறையே இல்லை. அதற்கு மறுபடி முலாம் பூசக் கொடுத்துவிட்டால் இருந்த மதிப்பும் போய்விடும்.

பழுது பார்த்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய முறை: வாயை அருகே கொண்டுபோய் ஊதாமல் மெல்ல மூச்சு விடுங்கள். மூச்சின் ஈரம் படியும் நொடியில் பற்றவைத்த கோடுகள் தனி நிறமாகத் தெளிந்து வரும். முத்திரைகளைச் சுற்றி ஒரு சதுரமோ வட்டமோ தெரிந்தால், உடைந்த ஒரு கரண்டியிலிருந்து அசல் முத்திரையை வெட்டி இதில் பதித்திருக்கிறார்கள் என்று பொருள். பெயர் பொறித்த இடத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் அங்கே கட்டைவிரலால் லேசாக அழுத்தும்போது தகடு உள்ளே போய் வரும். பழைய பெயர்களைச் சுரண்டுவதை நான் வெறுக்கிறேன். யாருக்கு, எந்த அலுவலகத்தார், எந்த ஆண்டில் கொடுத்தது என்ற பொறிப்பு பாத்திரத்தின் பிறப்புச் சான்றிதழ்.

அடியில் ஊசியால் கீறியதுபோல இரண்டு எண்கள் இருந்தால் அது பழைய எடை. 15, 6 என்று இருந்தால் 15 டிராய் அவுன்ஸ் 6 பென்னிவெயிட். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், 20 பென்னிவெயிட் ஓர் அவுன்ஸ். கணக்குப் போட்டால் சுமார் 476 கிராம் வரும். உங்கள் தராசு 460, 470 காட்டினால் தேய்மானம். 420 காட்டினால் எதையோ எடுத்திருக்கிறார்கள், 520 காட்டினால் எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

டச் பார்க்கக் கடைக்குப் போவதென்றால் இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, இது விக்க இல்ல. உரசாம, ஆசிட் வைக்காம மெஷின்ல மட்டும் டச் பாத்துச் சொல்லுங்க." விவரம் தெரிந்தவர் என்றால், "சரிம்மா, பத்து வெச்ச எடத்துல பாத்தா கம்மியா காட்டும், வயித்துல ஒண்ணு, அடியில ஒண்ணு பாத்துடலாம்" என்பார். எக்ஸ்ரே ஒளிரல் முறையில் இயங்கும் அந்தக் கருவி பாத்திரத்துக்குச் சேதம் செய்யாது. ஆனால் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். கனமான முலாமையும் பழைய ஷெஃபீல்டு தகட்டையும் அது வெள்ளி என்றே சொல்லிவிடும். அதனால் தேய்ந்த விளிம்பிலும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். புதிதாக ஹால்மார்க் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துலக்குவது

பெசன்ட் நகர், அடையாறு, சாந்தோம் பக்கத்தில் வெள்ளி சீக்கிரம் கருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். காரணம் காற்றில் உள்ள கந்தகம். தேங்கிய அடையாற்றிலிருந்தும் கூவத்திலிருந்தும் எழும் அந்த முட்டை நாற்றமே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். ஈரக்காற்று அதற்குத் துணை செய்கிறது. விபூதியால் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். விளக்குக்கும் பஞ்சபாத்திரத்துக்கும் அது சரி. முத்திரையுள்ள டீபாட்டில் ஆண்டுதோறும் விபூதி தேய்த்தால் முதலில் போவது சிங்கத்தின் முகம். புளி, பித்தளைக்கான பொடி, பற்பசை எதுவும் வேண்டாம். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் கொண்டு கருப்பை எடுக்கும் முறை சாமி வெள்ளிக்குப் பெரும் கேடு. உருவங்களுக்கு இடையே படிந்திருக்கும் கருமைதான் அவற்றை எடுத்துக்காட்டுகிறது. அது போனால் தெய்வங்கள் எல்லாம் வெளிறி ஒன்றோடொன்று கலந்துவிடும்.

வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு மிருதுவான சோப்பு, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித்துணி போதும். மரக் கைப்பிடியை நனைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெயை விரலில் தொட்டுத் தடவுங்கள். கழுவியதும் மூடியைத் திறந்துவைத்து மின்விசிறியின் கீழ் முழுதாக உலர விடுங்கள். மல் துணியில் சுற்றி வையுங்கள். செய்தித்தாள், ரப்பர் பேண்ட், கம்பளி மூன்றும் வெள்ளிக்கு ஆகாது. பட்டறையில் கொடுத்தால் மோட்டார் பாலீஷ் போடக் கூடாது, ஈயப்பற்று வைக்கக் கூடாது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஈயம் பட்ட இடத்தைப் பிறகு சூடாக்கினால் அது வெள்ளியை அரித்துத் துளையிட்டுவிடும்.

சட்டம்

நூறு ஆண்டைத் தாண்டிய கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டத்தின் கீழ் வருகிறது. நாட்டுக்குள் வைத்திருக்கலாம், வாரிசுக்குக் கொடுக்கலாம். வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நியூ ஜெர்ஸியில் இருக்கும் மகனுக்குப் பாட்டியின் டீ செட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. விமான நிலையத்தில் அது சிக்கினால் பொருளும் போகும், வழக்கும் வரும். நூறு ஆண்டுக்குக் குறைந்தது என்று தெரிந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே அனுப்புங்கள். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. போகிற வழியில் அதே வளாகத்திலுள்ள கோட்டை அருங்காட்சியகத்தில் ஆங்கிலேயர் காலத்து வெள்ளியையும் பீங்கானையும் பார்த்துவிட்டு வரலாம். கண்ணுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இன்னொரு சட்டம் பலருக்குத் தெரியாது. முழுதும் வெள்ளியாலான கைப்பிடியில், மேலும் கீழும் இரண்டு மெல்லிய வெள்ளை வளையங்கள் இருக்கும். சூடு கைக்கு ஏறாமல் தடுப்பதற்கானவை. பழைய ஆங்கிலேயப் பாத்திரங்களில் அவை பெரும்பாலும் யானைத் தந்தம். சில மூடிக் குமிழ்களும் அப்படியே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991 திருத்தங்களுக்குப் பிறகு இந்தியாவில் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம், வளையம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும். பூதக்கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக வலைபோன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் தந்தம். சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் மாட்டெலும்பு, அதற்குத் தடையில்லை. தந்தம் என்று தெரிந்தால் அந்தப் பாத்திரத்தை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். பரம்பரையாக வந்து உங்களிடம் இருந்தால், மேற்கொண்டு எதுவும் செய்வதற்கு முன் வனத்துறை வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் விசாரியுங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும், பாத்திரத்தின் நான்கு பக்கம், அடி, மூடியின் உட்புறம், ஒவ்வொரு முத்திரை ஆகியவற்றின் புகைப்படங்களையும், எடையையும், இது யாரிடமிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர் சொன்னதையும் ஒரே உறையில் போட்டு டீபாட்டுடன் வையுங்கள்.